ம.பா. என்றொரு கையெழுத்து

ஃபெடரல் ஹைவேயில் காலை ஒன்பது மணிக்குக் கார் ஓட்டுகிறவனுக்கு நரகத்தைப் பற்றி எந்தப் பாதிரியாரும் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. விமலன் மைவியை ஓர் அடி நகர்த்தினான், பிரேக்கை மிதித்தான், மறுபடி ஓர் அடி நகர்த்தினான். பிரிக்ஃபீல்ட்ஸை விட்டுக் கிளம்பி முக்கால் மணி நேரமாகிறது. பி.ஜே. எனப்படும் பெட்டாலிங் ஜெயாவே இன்னும் வரவில்லை, இதில் கிள்ளான் எங்கே வரப்போகிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூருன்னிசாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இருபத்தாறு வருடம் போலீசில் இருந்து சார்ஜனாக ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு பூக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். விமலன் அவருக்கு டிரைவர், எடுபிடி, தேவைப்படாத நேரத்தில் பேசுகிற வாய். நாற்பத்து நாலு வயதில் அவன் செய்த ஒரே பொதுத்தொண்டு, சாலாக் செலாத்தானில் ஒரு கோயில் கமிட்டியில் இருந்தது. "அடுத்த பொதுக்கூட்டம் எப்ப?" என்று ஒருநாள் கேட்டான். மறுவாரம் அவன் பெயர் பட்டியலில் இல்லை. அந்தக் கடுப்பு இன்றுவரை அவனுக்கு ஆறவில்லை.

பின் இருக்கையில் இருந்தவர் மலர்விழி. ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கிள்ளானில் பரிசுத்த தீத்து ஆலயம் என்று ஒரு சின்ன ஆங்கிலிக்கன் கோயில் இருக்கிறது. அங்கே அவர்தான் உபதேசியார். பாதிரியார் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"டீச்சர், இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் நூருன்னிசா. "இவனுக்கு வாய் வேலை செய்யற அளவு காது செய்யாது."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுல அப்ப இருந்த பிஷப் எங்க சபைக்கு ஒரு கடிதம் குடுத்தாரு. தமிழ்லயே எழுதி, அடியில கையெழுத்து, முத்திரை எல்லாம் வெச்சு. உபதேசியார நாங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆராதனை நேரத்த நாங்களே வைக்கலாம், கோயில் சாவி எங்ககிட்டயே இருக்கும். அத ஃபிரேம் போட்டு வெஸ்ட்ரி ரூம்ல மாட்டி வெச்சிருந்தோம். போன ஞாயிறு காலையில நான் போய்த் திறந்தேன். ஃபிரேம் இருக்கு. கடிதம் இல்ல."

"நாளைக்கு என்ன?"

"பி.ஜே.யில ஹியரிங். பத்து மணிக்கு. எல்லாச் சபையும் தலைமையகத்துக்குக் கீழதான்னு பிஷப் ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. எங்களைப் பி.ஜே. பெரிய சர்ச்சோட சேக்கப் போறாங்க. எட்டு மணித் தமிழ் ஆராதனை மத்தியானம் மூணு மணிக்கு அவங்க ஹாலுக்குப் போயிரும். கடிதத்தோட ஒரிஜினலக் காட்டினாத்தான் எங்க கோயில் எங்களுக்கு." மலர்விழி ஜன்னலைப் பார்த்தார். "கடிதம் வரலன்னா கோயிலும் போச்சு, என் பேரும் போச்சு. நான்தான் எடுத்துக் குடுத்துட்டேன்னு சபை முழுக்கப் பேச்சு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என் உபதேசியார் லைசன்ஸப் புதுப்பிக்க பிஷப் ஆபீஸ் போனேன். அத யாரோ பாத்திருக்காங்க. முந்தாநாள் பாசார்ல என்கூடப் பாட்டுப் பாடற ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு, மீன் வாங்காமயே போயிட்டாங்க."

விமலன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "எங்க கமிட்டியில சண்டை வந்தா நாற்காலிதான் பறக்கும் டீச்சர். உங்ககிட்ட கடிதம் பறக்குது. படிச்சவங்க இல்ல?"

"வெஸ்ட்ரிச் சாவி எத்தனை?" என்றார் நூருன்னிசா.

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு தலைமை மூப்பர் விஜயண்ணன்கிட்ட."

"ரெண்டு சாவி, ரெண்டு பேரு," என்றான் விமலன். "கேஸ் முடிஞ்சிருச்சுலா அக்கா. நீங்க எடுக்கல. அப்ப அவருதான். வண்டியத் திருப்பட்டுமா?"

மலர்விழி பதறிவிட்டார். "விஜயண்ணனா? ஏழு வருஷமா பிஷப் ஆபீஸோட ஒத்தையா நின்னு சண்டை போடறவரு அவரு. அவருக்கு இருக்கற ஒரே ஆயுதமே அந்தக் கடிதம்தான். அவரு எதுக்கு அத எடுக்கணும்?"

"அதுதான் கேள்வி," என்றார் நூருன்னிசா. "யாருங்கறது இல்ல. எதுக்குங்கறதுதான். ரோட்டப் பாத்து ஓட்டு."

*

ஆலயம் ஒரு லோரிப் பட்டறைக்கும் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கும் நடுவில் இருந்தது. ஐந்தடி அகலத்துக்கு மேல் எதுவும் இல்லாத முன்வாசல். அதில் ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் சொந்தக்காரர் வாசலிலேயே காத்திருந்தார்.

விஜயன், அறுபத்தெட்டு வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாகத் தலைமை மூப்பர். உயரத்திலிருந்தே மனிதர்களைப் பார்த்துப் பழகிவிட்ட பார்வை.

"இவங்க யாரு டீச்சர்? போலீசா? உள்ளூர் விஷயத்துக்கு எதுக்கு வெளியாளு?"

"பிஷப் வெளியாளு, நாங்களும் வெளியாளு," என்றான் விமலன். "உங்க உள்ள யாருதாண்ணே இருக்கா?"

விஜயன் அவனை முறைத்துவிட்டு நூருன்னிசாவிடம் திரும்பினார். "அம்மா, இதுல கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்ல. பிஷப் ஆபீஸ்ல ஆள் வெச்சுத் தூக்கிட்டாங்க. யாரை வெச்சுன்னு நான் சொல்லணுமா?" மலர்விழியைப் பார்க்காமலேயே சொன்னார். "தூக்கினா மட்டும் ஆச்சா? அந்த முதல் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு கிள்ளானுக்கே மனப்பாடம். நாளைக்கு அங்க வந்து நான் மனப்பாடமாச் சொல்றேன். திருட்டுக் கொடுத்தவங்க நாங்க. எங்களை யாரு குத்தம் சொல்ல முடியும்?"

மலர்விழியின் முகம் வெளுத்துப் போனது. முப்பது வருடம் ஒரே வரிசையில் முழங்காலிட்டு ஜெபம் பண்ணின மனிதர். இப்போது டீச்சரின் பெயரைச் சொல்லக்கூட அந்த ஆளுக்கு வாய் வரவில்லை. விமலனுக்கு அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. நூருன்னிசா கண்ணாலேயே அடக்கினார்.

வெஸ்ட்ரி என்பது பாதிரியார் அங்கி மாற்றுகிற அறை. சுவரில் கண்ணாடி போட்ட ஃபிரேம் காலியாகத் தொங்கியது. நூருன்னிசா அதை எடுத்துத் திருப்பினார். பின்னட்டையைப் பிடித்திருந்த சின்ன ஆணிகள் ஒவ்வொன்றும் பத்திரமாகப் பிடுங்கப்பட்டு, திரும்பப் பொருத்தப்பட்டிருந்தன.

"அவசரக்காரன் வேலை இல்ல," என்றார். "எப்ப கடைசியா இதத் திறந்தாங்க?"

"எழுபத்து நாலுல ஃபிரேம் போட்டது," என்றார் மலர்விழி. "அப்புறம் யாரும் திறக்கல. சனிக்கிழமை விஜயண்ணன் தொடைக்கறதுக்கு எறக்கினாரு. ஹியரிங்குக்குக் கொண்டு போகணும்ல."

மலர்விழியின் போனில் கடிதத்தின் படம் இருந்தது. அழகான பழைய கையெழுத்து. 'கிள்ளான் தமிழ்ச் சபையார் தங்கள் உபதேசியாரைத் தாங்களே தெரிந்துகொள்ளவும், ஆலயத்தின் சாவியைத் தங்கள் வசமே வைத்துக்கொள்ளவும்...' என்று போய், அடியில் பிஷப்பின் கையெழுத்து, முத்திரை. அதற்கும் கீழே, வலது ஓரத்தில், இரண்டே எழுத்து: ம.பா.

"இது யாரு?"

"அதுதான் எங்க முதல் உபதேசியார். மத்தேயு பாக்கியநாதர். பிஷப் சொல்லச் சொல்ல அவருதான் எழுதினாரு." மலர்விழி சுவரைக் காட்டினார். பளிங்குக் கல்லில் பொன்னெழுத்து: 'இவ்வுரிமைக் கடிதத்தைத் தம் கைப்பட எழுதிய மத்தேயு பாக்கியநாதர்.' "அறுபதாம் ஆண்டு மலர் போட்டப்ப விஜயண்ணன்தான் இதக் கண்டுபிடிச்சாரு. அதுவரைக்கும் அவரு முழுப்பேரு யாருக்கும் தெரியாது."

"அவரு கையால எழுதின வேற ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. கரையான் பாதி தின்ற ஒரு ஞானஸ்நானப் பதிவேடு. ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் எதிரே உபதேசியாரின் கையெழுத்து. நூருன்னிசா பத்துப் பக்கம் புரட்டினார். ஒரே இடத்தில் விரலை வைத்து நின்றார். பிறகு பதிவேட்டை மூடி, "பசிக்குது, வாங்க," என்றார்.

விமலனுக்கு அந்தப் பழக்கம் தெரியும். அவருக்குப் பசிக்கிறது என்றால் வயிற்றுக்கு இல்லை.

*

தெங்கு கிளானா சாலையோரத்து மாமாக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். விமலன் பிளாஸ்டிக் மெனு அட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"நாசி கோரிங் இருக்கு, மீ கோரிங் இருக்கு, மேகி கோரிங் இருக்கு. ரொட்டி சானாயைக் காணோம். ரொட்டி சானாய் இல்லாத மாமாக் கடையா? இது அந்தக் கடிதத்தவிடப் பெரிய திருட்டுக்கா. முதல்ல இதக் கண்டுபிடிப்போம்."

"அடியில என்ன போட்டிருக்கு, படி."

"லிஹாட் செபெலா."

"அப்ப அட்டையத் திருப்பு."

திருப்பினான். பதினாறு வகை ரொட்டி. "ஓ," என்றான்.

நூருன்னிசா சிரிக்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு மலர்விழியிடம் கேட்டார். "டீச்சர், ஸ்கூல்ல சோதனைத் தாள் தயாரிப்பீங்க. மலாய்த் தாள்ல அடியில லிஹாட் செபெலான்னு போடுவாங்க. தமிழ்த் தாள்ல எப்படிப் போடுவீங்க?"

"மறுபக்கம் பார்க்கன்னு போடுவோம்."

"இடமில்லன்னா? சுருக்கமா?"

"சுருக்கமாவா, ம..." மலர்விழியின் கையிலிருந்த தே தாரே டீ டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. "ம. பா."

கடைக்காரர் வந்து என்ன வேண்டுமென்று கேட்டார். நூருன்னிசா கையைக் காட்டிப் பிறகு வரச் சொன்னார்.

"பதிவேட்டுல பாக்கியநாதர் கையெழுத்தப் பாத்தேன்," என்றார் நூருன்னிசா. "எல்லா இடத்துலயும் 'ஞா. பாக்கியநாதன்'. அவங்க அப்பா ஞானப்பிரகாசமோ ஞானமுத்துவோ, யாரோ. அவருக்கும் ம-வுக்கும் சம்பந்தமே இல்ல. கடிதம் முடியல, பின்னாடி பாருங்கன்னு பாவம் அந்த மனுஷன் எழுதி வெச்சாரு. நீங்க அத அவரு பேருன்னு நினைச்சு, அந்த ம-வுக்காக மத்தேயுன்னு ஒரு பேரும் வெச்சு, கல்லுலயும் வெட்டிட்டீங்க."

விமலனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலர்விழியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"முப்பத்தோரு வருஷம்," என்றார் மலர்விழி. "முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்ககிட்ட, தாளைத் திருப்பிப் பாருங்கடா, பின்னாடி கேள்வி இருக்குன்னு கத்தியிருக்கேன். எனக்கே தோணல பாருங்க." அழவில்லை. தன்மேலேயே வந்த கசப்பு, அது அழவிடவில்லை.

"அந்த ஃபிரேமுக்குள்ள பின்பக்கம்னு ஒண்ணு இருக்கறது எழுபத்து நாலுலேருந்து யாருக்கும் தெரியாது," என்றார் நூருன்னிசா. "போன சனிக்கிழமைலேருந்து ஒரே ஒருத்தருக்குத் தெரியும்."

விமலன் மேசையைத் தட்டினான். "முதல் பக்கம்! காலையில அந்த மனுஷன் என்ன சொன்னாரு? 'அந்த முதல் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு கிள்ளானுக்கே மனப்பாடம்.' டீச்சர் கடிதம்னுதான் சொல்றாங்க, போன் படத்துலயும் ஒரு பக்கம்தான் இருக்கு. முதல் பக்கம்னு ஒருத்தன் சொன்னா, ரெண்டாவதப் பாத்தவன்லா அவன்!"

"பரவால்ல," என்றார் நூருன்னிசா. "காதும் வேலை செய்யுது."

*

அவர்கள் திரும்பியபோது விஜயன் கோயில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நூருன்னிசா வளவளவென்று பேசவில்லை.

"ஐயா, மறுபக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

சாவி பூட்டிலேயே நின்றது. பிறகு மெதுவாக நடந்து போய், கப்சாயின் சீட்டைத் தூக்கினார். மழைக்கோட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கடிதம். நாலு நாளாக அதை வண்டியிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். கிழித்துப்போடவும் மனசில்லை, திரும்ப மாட்டவும் தைரியமில்லை.

மலர்விழி வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தைச் சத்தமாகவே வாசித்தார்.

'மேற்படி உரிமை, சபையின் மூப்பர்கள் மூன்று வருஷத்துக்கொருமுறை சபையார் எல்லாராலும் சீட்டெழுதிப் புதிதாய்த் தெரிந்துகொள்ளப்பட்டு வருமளவும் நிலைநிற்கும். அப்படித் தெரிந்துகொள்ளப்படாதே போனால், உரிமை பேராயர் வசம் திரும்பும்.'

"புரியுதா டீச்சர்?" விஜயனின் குரல் கரகரத்தது. "இதக் காட்டினா நம்ம கையாலயே நம்ம கோயிலத் தூக்கிப் பிஷப்கிட்ட குடுத்த மாதிரி. சபையக் காப்பாத்தத்தான் மறைச்சேன்."

"நாம எப்பண்ணே தேர்தல் வெச்சோம்?"

"எங்க வெச்சோம்? வருஷக் கூட்டத்துல, பழைய நிர்வாகமே தொடரட்டும்னு ஒருத்தரு எந்திரிச்சுச் சொல்வாரு. எல்லாரும் கை தட்டுவீங்க. பீஹூன் சாப்பிடப் போயிருவீங்க. நான் ஒண்ணும் துப்பாக்கியக் காட்டி உக்காரலயே! பத்தொன்பது வருஷமும் தட்டினீங்க. நீங்களும் தட்டினீங்க."

"தட்டினேன்," என்றார் மலர்விழி. "இல்லன்னு சொல்லல. ஆனா இன்னும் ஒரு வரி இருக்குண்ணே. அத விட்டுட்டீங்க."

விஜயன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வரி அவருக்குத் தெரியாதது இல்லை என்பது அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மலர்விழி அதையும் வாசித்தார்.

'அவ்விதம் திரும்பிற்றென்று அறிவிக்கப்பட்ட நாள்முதல் முப்பது நாளைக்குள், சபையார் எல்லாரும் சீட்டெழுதித் தெரிந்துகொண்ட மூப்பர்கள் விண்ணப்பம்பண்ணினால், உரிமை மறுபடியும் சபைக்கே கொடுக்கப்படும்.'

"ஒரு தேர்தல்," என்றார் மலர்விழி. "ஒரே ஒரு தேர்தல் வெச்சிருந்தா கோயில் நம்மளுது. அதுக்கு நீங்க சபைக்கு முன்னால போய் நின்னு ஓட்டுக் கேக்கணும். அது முடியாம கோயிலையே விடத் துணிஞ்சீங்க. என்னைத் துரோகின்னு சொல்லவும் துணிஞ்சீங்க."

"தோத்துட்டா?" என்றார் விஜயன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு அவர் பேசின முழு உண்மை. "இந்த வயசுல தோத்துட்டு நான் எங்க போறது டீச்சர்?"

"மேல ஒரு பிஷப்," என்று விமலன் முணுமுணுத்தான். "கீழயும் ஒரு பிஷப். நடுவுல பாவம் அந்த ஏசு எங்கதான் உக்காருவாரு?"

மலர்விழி கடிதத்தை உறைக்குள் வைத்தார். "நாளைக்கு இத நான் குடுக்கப் போறேன். கோயில் சாவியக் கொண்டு போய்க் குடுக்கறேன்னு என்னைச் சொல்லாதீங்கண்ணே. அது எந்தக் காலத்துலயும் சபை கையில இருந்ததில்ல. உங்க கையில இருந்துச்சு. இன்னொண்ணு, கடிதம் யார்கிட்ட இருந்துச்சுன்னு சபைக்கு நீங்களே சொல்லணும். உங்க வாயால."

*

வியாழக்கிழமை பத்து மணி. பெட்டாலிங் ஜெயாவின் பெரிய சர்ச் அலுவலகத்தில் ஏர்கோன் எலும்பைக் குத்தியது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆர்ச்டீக்கன் உட்கார்ந்திருந்தார், பிஷப்புக்கு அடுத்தபடி அதிகாரமுள்ள பாதிரியார். இஸ்திரி கலையாத சட்டை, இனிமையான குரல்.

மலர்விழி கடிதத்தை நீட்டினார். ஆர்ச்டீக்கன் வாங்கினார். முத்திரையைப் பார்க்கவில்லை, பிஷப்பின் கையெழுத்தைப் பார்க்கவில்லை. வாங்கின கையோடு திருப்பி, நேராகப் பின்பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

விமலன் நூருன்னிசாவைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"ஐயா, பின்னாடி எழுதியிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆர்ச்டீக்கன் கூச்சப்படவில்லை. கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அதே வாசகம், இரண்டு பக்கமும். "ஆபீஸ் பிரதி. பழைய பேப்பரெல்லாம் ஸ்கேன் பண்ணினப்ப கிடைச்சது. ஏழு வருஷமாச்சு."

"ஏழு வருஷமாத் தெரியுமா?" மலர்விழியின் குரல் உயர்ந்தது. "ஏழு வருஷமா நாங்க சண்டை போடறோம். தேர்தல் வைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா!"

"டீச்சர், எங்க உள்விவகாரத்துல தலையிடாதீங்கன்னு நீங்கதானே வருஷா வருஷம் கடிதம் போட்டீங்க? நாங்க தலையிடல." சிரித்தார். "ஒரிஜினல் வரலன்னா உங்களுக்கு உரிமையே இல்ல. வந்தா, உரிமை எங்களுக்குத் திரும்பிருச்சு. ரெண்டுல எதுன்னாலும் பிஷப்புக்குச் சம்மதம்."

"இருபத்தாறு வருஷம் திருடங்களப் பிடிச்சிருக்கேன் ஐயா," என்றார் நூருன்னிசா. "பூட்டாத வீட்டு வாசல்ல நாற்காலி போட்டுக் காத்திருக்கறவர மட்டும் பிடிக்க முடியாது. அதுக்குச் சட்டம் இல்ல."

ஆர்ச்டீக்கன் அதைக் கேட்காதவர்போலத் தாளில் கண்ணை ஓட்டி, உரிமை பேராயர் வசம் திரும்பும் என்கிற வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, கோப்பை மூடப்போனார். நேற்று விஜயன் எந்த வரியில் நின்றாரோ அதே வரி. ஏழு வருடம் ஒருவரை ஒருவர் ஜென்மப் பகையாக நினைத்த இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

"கடைசி வரியையும் வாசிங்க ஐயா," என்றார் மலர்விழி. வகுப்பறைக் குரல். "பாதியில நிறுத்தினா மார்க் கிடையாது."

ஆர்ச்டீக்கன் வாசித்தார். இனிமை கொஞ்சம் குறைந்திருந்தது. "முப்பது நாள். இன்னியிலேருந்து. சீட்டெழுதி, எல்லாரும் கலந்துக்கிட்ட தேர்தலா இருக்கணும். பழைய மாதிரி கைதட்டல் எல்லாம் செல்லாது. சரியா நடந்தா, பிஷப் மறுக்க முடியாது." பிறகு நிமிர்ந்து, "நடந்தா," என்றார்.

*

கார் பார்க்கில் சபையார் நாற்பது பேர் வெயிலில் காத்திருந்தார்கள். இரண்டு வேன் பிடித்து வந்திருந்தார்கள். மலர்விழி வெளியே வந்ததும் பேச்சு நின்றது. யாரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. பாசாரில் மீன் வாங்காமல் போன அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஜயன் முன்னால் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடிதத்த யாரும் திருடல. நான்தான் எடுத்து வெச்சிருந்தேன். டீச்சர் மேல தப்பு இல்ல." ஒரு தூணோரமாகப் போய் நின்றுகொண்டார்.

கூட்டம் சலசலத்தது. அந்த அம்மா ஓடிவந்து மலர்விழியின் கையைப் பிடித்து அழுதார். "மன்னிச்சிருங்க டீச்சர்," என்று நாலைந்து குரல். இரண்டு நாளில் போன பேர் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. விமலனின் கமிட்டியில் இப்படி ஒருத்தனும் வந்து அவனிடம் சொன்னதில்லை.

மலர்விழி கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். பின்பக்கத்தை முழுக்க வாசித்தார். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி விளக்கினார். ஆபீசில் ஏழு வருடம் தெரிந்தே காத்திருந்ததையும் சொன்னார்.

"கோயில் இன்னிக்கு நம்மளுது இல்ல. ஆனா முப்பது நாள் இருக்கு. வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் தேர்தல். ஒவ்வொருத்தரும் சீட்டுல பேர் எழுதிப் பெட்டியில போடணும். யார் வேணும்னாலும் நிக்கலாம், நீங்க யாரை வேணும்னாலும் எழுதலாம். இத மட்டும் ஒழுங்காச் செஞ்சா கோயில் திரும்பி வந்துரும். வேற வழியே இல்ல. எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அங்கிள் உற்சாகமாகக் கத்தினார்.

"சீட்டு கீட்டெல்லாம் எதுக்கு டீச்சர்? இனிமே நீங்களே தலைமை மூப்பரா இருங்க! எங்களுக்குச் சம்மதம்!"

"நான் வழிமொழியறேன்!" என்றது இன்னொரு குரல்.

கை தட்டல் ஆரம்பித்தது. வேன் டிரைவர் தட்டினார், அழுத அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார், தூணோரத்தில் நின்ற விஜயனும் தட்டினார். மாடி ஜன்னலில் ஆர்ச்டீக்கன் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். விமலன் பார்த்ததை நூருன்னிசாவும் பார்த்தார்.

"தட்டாதீங்க!" என்று கத்தினார் மலர்விழி. "ஐயோ, தட்டாதீங்கன்னு சொல்றேன்ல!" அவர் குரல் உடைந்தது.

டீச்சருக்கு எவ்வளவு அடக்கம் என்று நெகிழ்ந்துபோய், சபையார் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.